பெஞ்சில் ஓர் இடம், கமிட்டியில் ஓர் இடம்

கோடை விடுமுறைக்கு ஊர் சென்ற குடும்பங்கள் மும்பைக்குத் திரும்பிக் கொண்டிருக்கின்றன. நெல்லையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் சேலத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வருகிற வண்டிகளில் அரிசி மூட்டையும் ஊறுகாய் ஜாடியும் மட்டுமா வருகின்றன? இந்த ஆண்டு புதிதாக இந்நகருக்குக் குடிவரும் பிள்ளைகளும் வருகிறார்கள். அப்பன் கட்டட வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருக்கும். இப்போது தாயும் பிள்ளைகளும் வந்து சேருகிறார்கள்.

இந்தப் பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? கையில் காகிதம் இல்லாவிட்டால் எப்படிச் சேர்ப்பது? சேர்த்த பிறகு அந்தப் பள்ளி ஒழுங்காக நடக்கிறதா என்று யார் பார்ப்பது? பள்ளிகள் மீண்டும் திறக்கப்போகும் இந்த வேளையில் நம் மக்களின் முன் நிற்கும் கேள்விகள் இவைதாம்.

நமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அரசாங்கப் பள்ளியில் சட்டம் நமக்கு இரண்டு இடங்களை ஒதுக்கி வைத்திருக்கிறது. ஒன்று, நம் பிள்ளைக்கு பெஞ்சில் ஓர் இடம். மற்றொன்று, பிள்ளையைப் பெற்றவர்களுக்கு பள்ளியின் நிர்வாகக் கமிட்டியில் ஓர் இடம். முதல் இடத்திற்காக நாம் ஓரளவு அலைகிறோம். இரண்டாவது இடம் இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. இரண்டிலும் உட்கார்ந்தால்தான் பள்ளி நம்முடையது. ஒன்றில் உட்கார்ந்து மற்றொன்றைக் காலியாக விட்டால், நாளடைவில் இரண்டும் போய்விடும்.

வாசலில் கேட்கும் நான்கு கேள்விகள்

பள்ளிக்கூட வாசலில் நம் தாய்மார்களைத் திருப்பி அனுப்பும் வார்த்தைகள் நமக்குப் பழகிப்போனவை. "டி.சி. எங்கே?" "பர்த் சர்டிபிகேட் எங்கே?" "ஆதார் கார்டு எங்கே?" "சேர்க்கை தேதி முடிந்துவிட்டது, அடுத்த வருஷம் வாருங்கள்." ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த தாய், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போகிறாள். இரண்டாம் முறை வருகிறாள். மூன்றாம் முறை வருவதில்லை. பிள்ளை தம்பிப் பாப்பாவைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறது.

இந்த நான்கில் ஒன்றுகூட சட்டப்படி செல்லாது. 2009-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டி.சி. பற்றி 5-வது பிரிவு பேசுகிறது. மாநிலத்திற்குள்ளோ மாநிலம் விட்டு மாநிலமோ எந்தக் காரணத்திற்காக இடம் மாறினாலும், பிள்ளைக்கு வேறு அரசுப் பள்ளியில் அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் சேரும் உரிமை உண்டு. பழைய பள்ளியின் தலைமை ஆசிரியர் உடனே டி.சி. தரவேண்டும்; தாமதம் செய்தால் அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை வரும். டி.சி. வந்து சேரவில்லை என்பதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது.

வயதுச் சான்று பற்றி 14-வது பிரிவு பேசுகிறது. சான்று இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளைக்கும் இடம் மறுக்கக்கூடாது. தேதி முடிந்துவிட்டது என்பதற்கு 15-வது பிரிவு பதில் சொல்கிறது. சேர்க்கைக் காலம் கடந்து வந்தாலும் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆதார் பற்றி 2018 செப்டம்பர் 26 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது.

இடையில் படிப்பை விட்ட பிள்ளையைப் பற்றியும் சட்டம் மறக்கவில்லை. 10 வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சின்னஞ்சிறு பிள்ளைகளோடு உட்காரவைக்கக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்திற்குத் தனிப் பயிற்சி தரவேண்டும் என்பது 4-வது பிரிவு.

இவை எல்லாவற்றிலும் நாம் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. அது 9-வது பிரிவில் உள்ள ஒரு சிறு வரி. இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சேர்க்கை கிடைப்பதை உறுதிசெய்வது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்று அது சொல்கிறது. மும்பையில் அந்தக் கடமை மாநகராட்சியினுடையது. நாம் கெஞ்சிக் கேட்க வேண்டியதை அவர்கள் தேடி வந்து செய்யவேண்டும் என்று சட்டம் எழுதி வைத்திருக்கிறது. நடைமுறையில் தேடி வருவதில்லை. ஆகவே நாமே போய், அவர்கள் கடமையை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

இது யாரும் போட்ட பிச்சை அல்ல

இந்த உரிமை ஒரு நாளில் வந்ததன்று. நாம் பிழைக்க வந்திருக்கும் இதே மராட்டிய மண்ணில்தான் அதற்கான முதல் குரல்கள் எழுந்தன. 1882-ல் ஹண்டர் கமிஷன் முன் மகாத்மா ஜோதிராவ் பூலே சாட்சியம் அளித்தார். உழவன் செலுத்தும் வரிப்பணம் மேல்வகுப்பாரின் உயர்கல்விக்குச் செலவாகிறது, உழவனின் பிள்ளைக்கு ஆரம்பக் கல்விகூட இல்லை என்று எடுத்துரைத்தார். 1911-ல் கோகலே கட்டாய ஆரம்பக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தார். மறு ஆண்டே அது தோற்கடிக்கப்பட்டது. 1917-ல் கோலாப்பூரில் சாகு மகாராஜா இலவசக் கட்டாய ஆரம்பக் கல்வியைத் தம் சமஸ்தானத்தில் கொண்டுவந்தார்.

1950-ல் வந்த அரசியல் சட்டம், பத்தாண்டுகளுக்குள் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர முயலவேண்டும் என்று 45-வது விதியில் சொன்னது. 1960 வந்தது, போனது. அந்த வாக்குறுதி அடிப்படை உரிமையாக மாறியது 2002-ல், 86-வது திருத்தத்தின்போது. அதற்குச் சட்டம் வந்தது 2009-ல். பத்தாண்டு என்று சொன்னது அறுபதாண்டு ஆயிற்று. அந்த அறுபதாண்டில் மும்பையின் ஆலைகளிலும் தோல் பட்டறைகளிலும் துறைமுகத்திலும் உழைத்து ஓய்ந்த நம் முன்னோரில் எத்தனை பேர் கைநாட்டாகவே போய்ச் சேர்ந்தார்கள்!

பள்ளிச் சோற்றின் கதையும் இதுவே. 1920-ல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது. 1956-ல் காமராசர் மதிய உணவைத் தமிழகமெங்கும் பரப்பினார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். இந்தியா முழுமைக்கும் திட்டம் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல். அப்போதும் பல மாநிலங்களில் சமைத்த சோறு இல்லை, மாதாமாதம் தானியம்தான். சமைத்த உணவே தரவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2001 நவம்பர் 28-ல் ஆணையிட்ட பிறகே மற்ற மாநிலங்களின் பள்ளிகளில் அடுப்பு எரிந்தது. காமராசர் காலத்துச் சோறு சாப்பிட்டுப் படித்த பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தச் சோறு இல்லையென்றால் எழுத்து வாசனையே இருந்திருக்காது என்று அவர்களே சொல்வார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு மும்பையில் அதே உரிமை உண்டு.

இரண்டு வகை இடமாற்றம்

இதை எழுதுபவன் ரயில்வேயில் குமாஸ்தா. எங்களுக்கும் இடமாற்றம் உண்டு. ஆனால் மத்திய அரசு ஊழியனின் இடமாற்றமும் சித்தாளின் இடமாற்றமும் ஒன்றல்ல.

மாற்றலாகும் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கென்றே 1963 முதல் கேந்திரிய வித்யாலயா பள்ளிகள் நடக்கின்றன. எந்த ஊரிலும் ஒரே பாடம், ஒரே புத்தகம். போதாதற்குக் கல்விப் படி. 2017-ல் அது ஒரு பிள்ளைக்கு மாதம் ரூ.2,250 என்று வைக்கப்பட்டது. 2024 ஜனவரி முதல் ரூ.2,812.50 ஆக உயர்ந்தது. இரண்டு பிள்ளைகளுக்கு இது கிடைக்கும். தொழிற்சங்கம் கட்டிப் போராடிப் பெற்ற சலுகைகளின் வரிசையில் வந்தது இது. தவறென்று சொல்லவில்லை.

நாக்காவில் நின்று வேலை தேடும் நம் தோழனையும் வேலைதான் இடம் மாற்றுகிறது. இந்த வருஷம் தாராவி, அடுத்த வருஷம் கல்யாண், அதற்கடுத்து பன்வேல். அவனுக்கு மாற்றல் உத்தரவு கிடையாது, படியும் கிடையாது. அவன் பிள்ளைக்கு எந்த ஊரிலும் ஒரே பாடமும் கிடையாது. இடம் மாறுவதை அரசாங்க ஊழியனுக்கு உரிமையோடும் கூலிக்காரனுக்குத் தண்டனையோடும் சேர்த்துவைத்த நாடு இது. 5-வது பிரிவும் 9-வது பிரிவும் அந்தக் கூலிக்காரனுக்குக் கிடைத்த முதல் மாற்றல் உத்தரவு என்றே நாம் கொள்ளவேண்டும்.

இன்னொன்றையும் நம் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஊரில் வாங்கிய சாதிச் சான்றிதழ் மாநில எல்லையில் நின்றுவிடுகிறது. ஆந்திரத்திலிருந்து வந்த பழங்குடி மாணவர் ஒருவர் மும்பை மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்ட வழக்கில், 1990-ல் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஒரு மாநிலத்தில் அட்டவணை வகுப்பாராக இருப்பவர், குடிபெயர்ந்து போன மாநிலத்தில் அந்தத் தகுதியைக் கோர முடியாது என்பது அதன் சாரம். இந்தத் தீர்ப்பால் நம் ஒடுக்கப்பட்ட மக்கள் இழந்தது கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையின் பள்ளி உரிமை எல்லையில் நிற்பதில்லை. ரயிலில் பிள்ளையோடு சேர்ந்தே வருகிறது. அதை மட்டும் நாம் தவறவிடவே கூடாது.

91-வது பிள்ளை

மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று 8 மொழிகளில் பள்ளிகளை நடத்திவருகிறது. இப்படி எட்டு மொழிகளில் பள்ளி நடத்தும் நகரம் எளிதில் காணக்கிடைக்காது. புத்தகம், சீருடை, பை, மதிய உணவு எல்லாம் இலவசம். ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் பெற மொழிச் சிறுபான்மையினருக்கு வசதி செய்து தரவேண்டும் என்று 1956-ல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த 350-ஏ விதி சொல்வதற்கு இது ஒரு கண்கண்ட சாட்சி.

ஆயினும் நம் வீடுகளில் நடப்பது என்ன? கடன் வாங்கியாவது சந்துக்குள் இருக்கும் ஆங்கிலப் பள்ளியில் சேர்க்கிறோம். இதற்காகப் பெற்றோரை ஏசுவதில் பயனில்லை. தமிழில் படித்தால் மேல்வகுப்புக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு அரசாங்கம் தெளிவாகப் பதில் சொல்லவில்லை. ஆங்கிலம் தெரியாததால் அவமானப்பட்டவர்கள், தம் பிள்ளையாவது தலைநிமிரட்டும் என்று நினைப்பது இயற்கை. ஆனால் அந்தச் சந்துப் பள்ளியில் பயிற்சி பெற்ற ஆசிரியர் இருக்கிறாரா, விளையாட இடம் இருக்கிறதா, அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்காமலேயே பணத்தைக் கட்டுகிறோம். ஆங்கிலப் பலகையைப் பார்த்தோமே ஒழிய, உள்ளே சொல்லித்தரும் ஆங்கிலத்தைப் பார்த்தோமா?

நாம் ஒவ்வொருவராக விலகும்போது மாநகராட்சிப் பள்ளிக்கு என்ன நேர்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2009 சட்டத்தின் அட்டவணை 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு ஆசிரியர் எண்ணிக்கையை வகுத்திருக்கிறது. 60 பிள்ளை வரை 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3 பேர். 91 முதல் 120 வரை 4 பேர். 121 முதல் 200 வரை 5 பேர். இப்போது 91 பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே ஒரு பிள்ளை நின்றுவிட்டால் எண்ணிக்கை 90. சட்டப்படி இருக்கவேண்டிய நான்காவது ஆசிரியர் இடம் அத்தோடு போய்விடும். மீதி மூன்று பேர் ஐந்து வகுப்புகளைப் பார்க்கவேண்டும். பாடம் தேய்கிறது. அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் விலகுகிறார்கள். பிறகு, "பிள்ளைகளே இல்லை, பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடலாம்" என்று கோப்பில் எழுத ஒரு வரி போதும்.

பள்ளிக்கூடம் ஒரே நாளில் மூடப்படுவதில்லை. பெஞ்சு பெஞ்சாகத்தான் மூடப்படுகிறது. அந்த 91-வது பிள்ளை நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள்.

தாராவியிலுள்ள நம் மக்களுக்கு இது இன்னும் அவசரமான விஷயம். மறுசீரமைப்புத் திட்டத்திற்காக 2024-ல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. தகுதியில்லை என்று சொல்லப்படும் குடும்பங்கள் தாராவிக்கு வெளியே அனுப்பப்படுவார்கள் என்பது திட்டத்திலேயே உள்ளது. வீட்டுக்கு எத்தனை சதுர அடி என்று எல்லோரும் கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். அதே மூச்சில், எங்கள் பிள்ளைகளின் பள்ளி எங்கே வரும், அதில் தமிழ் வகுப்புக்கு எத்தனை அறை, வெளியே போகும் பிள்ளைகளுக்கு அங்கே நடந்துபோகும் தூரத்தில் எந்தப் பள்ளி என்றும் கேட்க வேண்டாமா? சட்டம் அருகமைப் பள்ளி என்கிறது. 1 முதல் 5 வகுப்புக்கு 1 கிலோமீட்டர், 6 முதல் 8 வகுப்புக்கு 3 கிலோமீட்டர் என்று மத்திய விதிகள் அளவும் வகுத்திருக்கின்றன.

தமிழ்ப் பள்ளி வேண்டும் என்பதால் மராத்தியை நாம் ஒதுக்கவில்லை. 2020-ல் மகாராஷ்டிர அரசு எல்லாப் பள்ளிகளிலும் மராத்தியைக் கட்டாயப் பாடமாக்கிச் சட்டம் இயற்றியது. அதை நாம் வரவேற்கவே வேண்டும். உண்ண உணவும் உழைக்க இடமும் தந்த மண்ணின் மொழி அது. தாய்மொழியில் நன்றாக ஊன்றிய பிள்ளை மராத்தியையும் ஆங்கிலத்தையும் எளிதாகக் கற்கும்.

தனியார் பள்ளியில் 25 சதவீத இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு உண்டே என்று சிலர் கேட்கலாம். உண்டு. விண்ணப்பிக்கத் தகுதியுள்ளவர்கள் விண்ணப்பியுங்கள். ஆனால் அதையே நம்பியிருக்க முடியாது. அருகில் அரசுப் பள்ளி இருந்தால் தனியார் பள்ளி இந்த இடங்களைத் தரவேண்டியதில்லை என்று 2024 பிப்ரவரியில் மகாராஷ்டிர அரசு விதியைத் திருத்தியது. பெற்றோரும் அமைப்புகளும் வழக்காடினார்கள். 2024 ஜூலையில் பம்பாய் உயர்நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்துசெய்தது. போராடியதால் நிலைத்தது. ஆனால் பக்கத்து வாசல் திறந்திருக்கிறது என்பதற்காகத் தலைவாசலைப் பூட்டிக்கொள்ளக் கூடாது. பெரும்பாலான பிள்ளைகள் நுழையவேண்டிய தலைவாசல் பொதுப்பள்ளிதான்.

காலியாகக் கிடக்கும் நாற்காலி

இப்போது இரண்டாவது இடத்திற்கு வருவோம். சட்டத்தின் 21-வது பிரிவுப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும், அரசு உதவி பெறும் பள்ளியிலும் பள்ளி நிர்வாகக் கமிட்டி இருக்கவேண்டும். மராத்தியில் ஷாளா வ்யவஸ்தாபன் சமிதி என்பார்கள். அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் அல்லது காப்பாளர். மொத்த உறுப்பினரில் பாதிப்பேர் பெண்கள். நலிந்த பிரிவினருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கேற்ற இடம்.

அதன் வேலை என்ன? பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது. அரசாங்கம் தரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது. மாதம் ஒருமுறையாவது கூடவேண்டும், நடவடிக்கைக் குறிப்பைப் பொதுமக்கள் பார்க்கக் கொடுக்கவேண்டும் என்று 2010-ன் மத்திய விதிகள் சொல்கின்றன.

இவ்வளவு அதிகாரமுள்ள நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? பல இடங்களில் பெயர் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. கூட்டம் நடந்ததாக வீட்டுக்கு நோட்டு வரும், தாய் கையெழுத்துப் போடுவாள் அல்லது கைநாட்டு வைப்பாள். எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. அவள்மேல் குற்றமில்லை. பகல் 11 மணிக்குக் கூட்டம் போட்டால் வீட்டுவேலைக்குப் போகிறவள் எப்படி வருவாள்? மராத்தியில் மட்டும் நோட்டீஸ் எழுதினால் நேற்று ஊரிலிருந்து வந்தவளுக்கு எப்படிப் புரியும்? ரயிலில் ரிசர்வ் செய்த இருக்கையில் நாம் போய் உட்காராவிட்டால் வேறொருவர் உட்கார்ந்துவிடுவார். பிறகு எழுப்புவது கடினம். இங்கும் அதுவே.

உட்கார்ந்து என்ன கேட்பது என்று தயங்க வேண்டாம். கேட்க எளிய கேள்விகளே போதும். நம் பள்ளியில் பிள்ளை எத்தனை, ஆசிரியர் எத்தனை? புத்தகமும் சீருடையும் எந்தத் தேதியில் வந்தன? பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா, அதில் தண்ணீர் வருகிறதா? ஆண்டுக்கு 1 முதல் 5 வகுப்புக்கு 200 நாளும், 6 முதல் 8 வகுப்புக்கு 220 நாளும் பள்ளி நடந்ததா? மதிய உணவில் சின்ன வகுப்புக்கு 100 கிராம், பெரிய வகுப்புக்கு 150 கிராம் தானியம் கணக்கில் இருக்கிறது, தட்டில் இருக்கிறதா? தினம் உலை வைக்கும் நம் தாய்மார்களுக்கு, அளவு சரியா என்று பார்க்க எந்த அதிகாரியும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆசிரியர்களை எதிரிகளாக்கும் வேலை இது அன்று. ஆள் குறைவு, கணக்கு எழுதும் வேலை, கணினியில் ஏற்றும் வேலை என்று அவர்களும் நொந்துபோயிருக்கிறார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு வெளிவேலை ஆசிரியருக்குத் தரக்கூடாது என்று 27-வது பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவை ஆசிரியருக்காக எழுந்து நின்று பேசக்கூடியவர் கமிட்டியிலுள்ள பெற்றோரே.

14 வயதில் நிற்கும் சட்டம்

இந்தச் சட்டத்தைப் புகழ்ந்துவிட்டு ஓய்ந்துவிடவும் முடியாது. 14 வயதோடு அது நின்றுவிடுகிறது. எட்டாம் வகுப்பு முடிந்ததும் நம் பையன் பட்டறைக்கும், பெண் வீட்டுவேலைக்கும் போவதைத் தடுக்க அதில் வழியில்லை. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை 3 முதல் 18 வயது வரை எல்லோருக்கும் கல்வி என்று எழுதியது. சட்டத்தின் வயது வரம்பை அது மாற்றவில்லை. 2016-ல் குழந்தைத் தொழில் சட்டத்தைத் திருத்தியபோது, பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று விலக்கு வைத்தார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு இட்லி மாவு சுமக்கும் பிள்ளை பத்து மணிக்கு வகுப்பில் தூங்குவது எந்தக் கணக்கில் சேரும்?

2024 டிசம்பரில் மத்திய அரசு விதியைத் திருத்தி, 5-ஆம் வகுப்பிலும் 8-ஆம் வகுப்பிலும் தேர்வில் தவறினால், இரண்டு மாதத்திற்குள் மறுதேர்வு வைத்து, அதிலும் தவறும் பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்திவைக்க வழிசெய்தது. இதனால் முதலில் அடிபடுவது இடம் மாறும் குடும்பத்துப் பிள்ளைகளே. கொடை விழாவுக்கும் கல்யாணத்திற்கும் ஊருக்குப் போய் இரண்டு மாதம் தங்கிவிடும் வழக்கத்தை நாமும் மாற்றிக்கொள்ள வேண்டும். தவிர்க்க முடியாவிட்டால் பள்ளியில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். ஒன்று நிச்சயம். தேர்வில் தவறினாலும், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்ற முடியாது.

கோத்தாரி கமிஷன் 1966-ல் தேசிய வருமானத்தில் 6 சதவீதம் கல்விக்கு ஒதுக்கச் சொன்னது. 1968, 1986, 2020 ஆகிய மூன்று கொள்கைகளும் அந்த 6-ஐத் திரும்பத் திரும்ப எழுதின. எழுதியது எழுதியபடி இருக்கிறது. பணமில்லாமல் உரிமை நடக்காது என்பதை வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் நாம் கேட்டே ஆகவேண்டும்.

நாம் கேட்பதும் நாம் செய்வதும்

மாநகராட்சியிடம் நாம் கேட்பது நான்கு. இடம்பெயர்ந்து வரும் பிள்ளைகளைப் பள்ளி திறக்கும் வாரத்தில் பகுதி பகுதியாகத் தேடிச் சேர்க்கவேண்டும். தமிழ்ப் பள்ளிகளில் காலியான ஆசிரியர் இடங்களை நிரப்பி, மேல்வகுப்புக்கு வழி இதுதான் என்று பெற்றோருக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும். கமிட்டிக் கூட்டத்தை மாலையில் அல்லது ஞாயிற்றுக்கிழமையில், பள்ளியின் மொழியில் நோட்டீஸ் கொடுத்து நடத்தவேண்டும். தாராவியில் எந்தப் பள்ளியை இடித்தாலும், மாற்றுக் கட்டடம் தயாரான பிறகே இடிக்கவேண்டும்.

நாம் செய்யவேண்டியதும் நான்கு. ஒவ்வொரு சந்திலும் பள்ளிக்குப் போகாத பிள்ளைகளின் பட்டியலைச் சங்கக் கிளை எடுக்கவேண்டும். சேர்க்கைக்குப் போகும் தாயோடு எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் கூடவே போகவேண்டும். ஒவ்வொரு தமிழ்ப் பள்ளியின் கமிட்டிக்கும் நம் பகுதித் தாய்மார்களில் துணிந்து பேசுபவர்களைப் பெயர் கொடுக்கச் செய்யவேண்டும். கூட்ட நாளில் அவர்கள் இழக்கும் கூலியைக் கிளை நிதியிலிருந்து ஈடுசெய்வது பற்றி இந்த மாதமே முடிவெடுக்க வேண்டும்.

இடம் மறுத்தால் சண்டை போட வேண்டாம், மனு எழுதுங்கள். பிள்ளையின் பெயர், வயது, பள்ளி, தேதி, மறுத்தவர் சொன்ன காரணம் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை மாநகராட்சி கல்வி ஆபீசில் கொடுத்து, மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். 32-வது பிரிவின்படி மூன்று மாதத்திற்குள் முடிவு சொல்லவேண்டும். திருப்தியில்லையென்றால் மாநிலக் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திற்கு மேல்முறையீடு உண்டு. குமாஸ்தா வேலையில் இருபது வருஷத்திற்குமேல் கழித்தவன் சொல்கிறேன்: வாயால் சொன்னது வராந்தாவைத் தாண்டாது; முத்திரை குத்திய நகலுக்கு எந்த ஆபீசும் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

தாய்மார்களே, தோழர்களே! பிழைப்புக்காக ஊரை விட்டோம், உற்றாரை விட்டோம். பிள்ளைகளின் படிப்பையும் விட்டுவிடுவதற்காக நாம் இங்கே வரவில்லை. பள்ளி திறக்கும் அன்று காலையில் பிள்ளையைக் கொண்டுபோய் பெஞ்சில் உட்காரவையுங்கள். கமிட்டி கூடும் அன்று மாலையில் நீங்கள் போய் நாற்காலியில் உட்காருங்கள்.